காணாமல் போனதா, கைவிடப்பட்டதா: காப்பகத்துக்கு வரும் விலங்கை ஒரு வீட்டில் சேர்ப்பது எப்படி

காலையில் காப்பகத்தைத் திறக்க வரும்போது கேட்டில் ஒரு நாய் கட்டப்பட்டிருந்தால், யாரோ வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அந்த நொடியிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. கட்டியவர் அதன் சொந்தக்காரராக இருக்கலாம். நடுச்சாலையில் தவித்த நாயைக் கண்டு மனம் கேளாமல், வேலைக்கு நேரமாகிவிட்டதால் இங்கே கட்டிவிட்டு ஓடிய வழிப்போக்கராகவும் இருக்கலாம். வழிப்போக்கர் என்றால், அந்த நாயைத் தேடிக்கொண்டு நாலு தெரு தள்ளி ஒரு குடும்பம் சோறு இறங்காமல் அலைந்துகொண்டிருக்கக்கூடும். சென்னையின் தென்புறநகரில் ஒரு சிறிய காப்பகத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கும் நான், புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாள் சொல்வது இதைத்தான்: எந்த விலங்கையும், வேறு சான்று கிடைக்கும் வரை, காணாமல் போனதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடுகிறவரை முதலில் தேடுங்கள். அவர் இல்லை என்று ஆன பிறகு புது வீட்டைத் தேடுங்கள். இந்த வரிசை மாறினால், ஒரு வீட்டின் நாயை எடுத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டவர்களாக நாம் நிற்போம்.

முப்பது நாற்பது விலங்குகளுக்கு மேல் இடமில்லாத எங்களைப் போன்ற காப்பகங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தெருவில் ஒரு நாயையோ பூனையையோ கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வந்திருப்பது யார் என்று பார்ப்பது

தெருவிலேயே பிறந்து, அந்தத் தெருவிலேயே சோறு கிடைத்து வாழும் நாய் காணாமல் போன நாய் அல்ல. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கூண்டில் அடைப்பது உதவியும் ஆகாது. அதன் காது ஓரத்தில் சிறு வெட்டு அடையாளம் இருந்தால் கருத்தடை முடிந்த தெருநாய் என்று பொருள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. இந்த முறைக்குச் சென்னையில் நீண்ட வரலாறு உண்டு. தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964இலேயே இங்கே தொடங்கியது புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு. ஆகவே காயமோ நோயோ இல்லாத தெருநாயைக் கொண்டுவருபவரிடம் பொறுமையாக இதை எடுத்துச் சொல்லி, அதை அதன் இடத்துக்கே அனுப்பிவையுங்கள்.

வீட்டில் வளர்ந்த நாயைக் கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கு ஐந்து நிமிடம் போதும். கழுத்து முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். பல மாதம் பட்டை அணிந்திருந்த நாய்க்கு அந்த இடத்தில் முடி தேய்ந்து ஒரு வளையம் தெரியும். தார்ச்சாலையில் ஓடித் திரியும் நாயின் நகம் தேய்ந்திருக்கும். மொசைக் தரையில் வளர்ந்ததன் நகம் நீண்டு வளைந்திருக்கும். கதவு திறந்தால் உள்ளே வரப் பார்க்கும், காரின் கதவைத் திறந்தால் ஏறப் பார்க்கும், போக்குவரத்தைக் கண்டு நடுங்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘உட்கார்’ என்று சொல்லிப் பாருங்கள். எந்தச் சொல்லுக்கு அது உட்காருகிறது என்பதே ஒரு துப்பு. ஜாதி நாயாக இருந்து, பெண்ணாக இருந்து, பால்மடிகள் தொங்கி, நகங்கள் வெட்டப்படாமல், வெளிச்சத்தைக் கண்டால் கண்ணைச் சுருக்கினால், குட்டி போட வைத்தே தேய்த்துவிட்டு இனி பயனில்லை என்று இறக்கிவிடப்பட்டதாக இருக்கலாம் என்ற ஐயம் வர வேண்டும். எங்களிடம் வரும் விலங்குகளில் என்னை மிகவும் வருத்துவது இந்தத் தாய்நாய்கள்தான். அப்போதும் அது ஐயம் மட்டுமே. தேடும் வேலையை நிறுத்துவதற்கான காரணம் ஆகாது.

அடுத்தது மைக்ரோசிப். பதினைந்து இலக்க எண் கொண்ட, அரிசி அளவேயான இந்தச் சில்லைத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் தோலுக்கடியில் செலுத்துவார்கள். நாளாக ஆக அது இடம் நகர்ந்து கழுத்துக்கோ முன்னங்கால் பக்கமோ போய்விடுவதுண்டு. ஆகவே அந்த எண்ணைப் படிக்கும் கருவியை முதுகில் ஒருமுறை காட்டிவிட்டு இல்லை என்று சொல்லிவிடாமல், பிடரியிலிருந்து இரு தோள்கள், முன்னங்கால்கள், விலாப்பக்கம் வரை மெதுவாக, இரண்டு முறை நகர்த்திப் பார்க்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கேட்கலாம். சென்னையில் வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களும் இருக்கின்றன. மைக்ரோசிப் என்றதும் அது நாய் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் மின்கலம் கிடையாது, இடமும் காட்டாது. கருவி அருகில் வந்தால் தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு நேரே சரியான தொலைபேசி எண் பதிவாகியிருந்தால்தான் பயன்.

தனியே வைக்கும் பதினான்கு நாட்கள்

புதிதாக வந்த எந்த விலங்கையும் நேரே மற்றவற்றோடு விடக் கூடாது. நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற கிருமி உடலில் புகுந்து, வாந்தியும் இரத்தப்போக்குமாக வெளிப்பட ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். பார்ப்பதற்குத் துள்ளிக்கொண்டு வரும் குட்டி, நாலாம் நாள் சுருண்டு படுத்து, அதன் பக்கத்துக் கூண்டுக் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே பதினான்கு நாட்கள் தனிக் கூண்டு, தனித் தட்டு, அந்தப் பகுதிக்கென்றே தனிச் செருப்பு. ஊழியர்கள் மற்றக் கூண்டுகளை முடித்துவிட்டு இதைக் கடைசியாகத்தான் கழுவ வேண்டும்.

கழுவுவது எதனால் என்பதிலும் கவனம் தேவை. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் பினாயில் ஊற்றுவது வழக்கம். பார்வோ கிருமியிடம் பினாயிலை நம்ப முடியாது. பூனைகளுக்கோ அது நஞ்சு. கழிவை முழுவதும் எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவிய பிறகு, முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு உபயோக பிளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள்.

வெறிநோய் விஷயத்தில் எந்தத் தளர்வும் வேண்டாம். தடுப்பூசி வரலாறு தெரியாத நாய் கடித்தாலோ பிராண்டினாலோ அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயைப் பத்து நாட்கள் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். மஞ்சள் வைத்தோம், சுண்ணாம்பு வைத்தோம் என்று வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். நாய்களோடு அன்றாடம் பழகும் தன்னார்வலர்கள் கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் மூன்று தவணைத் தடுப்பூசியை முடித்த பிறகுதான் கூண்டுக்குள் இறங்க வேண்டும் என்பது எங்கள் காப்பகத்தில் விதி.

தேடுகிறவரைத் தேடுவது

இந்தப் பதினான்கு நாட்களும் சும்மா கழிவதில்லை. உரிமையாளரைத் தேடும் காலமும் இதுவே. வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டதோடு கடமை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். படம் மாம்பலத்திலிருந்து மதுரை வரை போகும். ஆனால் நாய் பெரும்பாலும் கண்டெடுத்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். அந்த வட்டத்துக்குள் காலில் நடந்து தேடுவதற்கு இணை எதுவும் இல்லை. பால் போடுபவர், பேப்பர் போடும் பையன், இஸ்திரி வண்டிக்காரர், தூய்மைப் பணியாளர், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, ஆட்டோ நிறுத்தம், டீக்கடை, மருந்துக்கடை, அருகில் இருக்கும் கால்நடை மருத்துவர்: எந்த வீட்டில் எந்த நாய் என்பது இவர்களுக்குத்தான் தெரியும். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி, படத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

சுவரொட்டியில் ஒரே ஒரு பெரிய படம், ‘இந்த நாய் எங்களிடம் இருக்கிறது’ என்ற வரி, கண்டெடுத்த தெரு, தேதி, தொலைபேசி எண் ஆகியவை மட்டும் போதும். இருசக்கர வாகனத்தில் போகிறவர் நிற்காமலே படித்துவிட வேண்டும். ஆனால் ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஜாதி நாய்க்குப் பணமதிப்பு உண்டு. அது என்னுடையது என்று சொல்லிக்கொண்டு சொந்தக்காரர் அல்லாதவர்களும் வருவார்கள். தடுப்பூசிப் புத்தகம், பழைய படங்கள், மைக்ரோசிப் எண் ஆகியவற்றைக் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் அந்த மறைத்த அடையாளத்தைக் கேளுங்கள்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் வெள்ளைப் பொமரேனியன் ஒன்று எங்களிடம் வந்தது. வெடிச் சத்தத்தில் கேட்டைத் தாண்டி ஓடிவிடும் நாய்கள் அந்த வாரம் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். அதற்கு வலப்பக்க மேல்வாயில் ஒரு பல் பாதியாக உடைந்திருந்தது. சுவரொட்டியில் அதைப் போடவில்லை. இரண்டு பேர் வந்து உரிமை கொண்டாடிவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் ஒரு வயதான அம்மா பேரனோடு வந்து, கையில் எந்தக் காகிதமும் இல்லாமல், “முறுக்கைக் கடிச்சு பல்லை உடைச்சுக்கிட்டவன் தம்பி, திறந்து பாருங்க” என்றார். திறந்து பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் குரல் கேட்டதும் கூண்டுக்குள் அது போட்ட சத்தத்தில் மற்ற நாய்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டன. ஆனால் எல்லா நாயும் இப்படி ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நாட்கள் மிரண்டு திரிந்த நாய், தன் சொந்த எஜமானரையே சிறிது நேரம் அடையாளம் காணாததுபோல் ஒதுங்கி நிற்பதுண்டு. அதை வைத்து அவரைப் பொய்யர் என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

தன் நாயைத் தொலைத்துவிட்டு நம்மிடம் வருபவருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கூட்டமாகக் கூவிக்கொண்டு துரத்தினால் மிரண்ட நாய் இன்னும் தூரம் ஓடும். தெரு அடங்கிய பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஓரிருவராகப் போய், மெல்ல உட்கார்ந்து, அது அறிந்த உணவை வைத்துக் காத்திருக்க வேண்டும். பூனையாக இருந்தால் பெரும்பாலும் மூன்று நான்கு வீடுகளுக்குள்தான் ஏதாவது ஒரு மாடிப்படியின் அடியிலோ தண்ணீர்த் தொட்டியின் பின்னாலோ சத்தமின்றி ஒண்டிக்கொண்டிருக்கும்.

விலங்கை அறிந்துகொள்வது

பதினான்கு நாட்கள் தேடியும் யாரும் வரவில்லை என்றால், பதிவேட்டில் ‘தத்துக்கு’ என்று எழுதுகிறோம். அதற்கு முன் அந்த விலங்கைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று ஒரு பக்கம் எழுதியாக வேண்டும். ‘நல்ல நாய், அன்பாகப் பழகும்’ என்று எழுதுவதில் எந்தத் தகவலும் இல்லை. காப்பகத்துக்கு வந்த முதல் சில நாட்களில் நாய் காட்டும் குணம் அதன் உண்மைக் குணமும் அல்ல. பயத்தில் அடங்கிக் கிடப்பதைச் சாது என்றும், பயத்தில் உறுமுவதை முரடு என்றும் தவறாக எழுதிவிடுவோம். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

வீட்டில் என்னென்ன நடக்குமோ அவற்றைக் காப்பகத்திலேயே நடத்திப் பார்க்க வேண்டும். குக்கர் விசில் அடிக்கும்போது என்ன செய்கிறது? குடையை விரித்தால்? மாடிப்படி ஏறத் தெரியுமா? சாப்பிடும்போது தட்டின் பக்கம் கை போனால் உறுமுகிறதா? சிறு குழந்தை தடுமாறி ஓடினால் விலகுகிறதா, துரத்துகிறதா? பூனையைக் கண்டால்? தனியே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் போனால் கதவைப் பிராண்டுகிறதா? சங்கிலி பிடித்து நடந்தால் இழுக்கிறதா? எங்களிடம் வந்த ஒரு லாப்ரடார் எல்லாச் சோதனையிலும் தேறியது. ஒரு நாள் ஆயா கூண்டைப் பெருக்கத் துடைப்பத்தைத் தலைக்குமேல் தூக்கி ஒட்டடை அடித்தபோது, முப்பது கிலோ எடையுள்ள அந்த நாய் வயிறு தரையில் பட ஊர்ந்துபோய் மூலையில் சிறுநீர் கழித்துவிட்டது. அதன் பழைய வீட்டைப் பற்றி நாங்கள் அறிந்தது அது ஒன்றுதான். அதன் குறிப்பில் முதல் வரியாக எழுதினோம்: இதன் எதிரே துடைப்பத்தை ஓங்கக் கூடாது.

வயதை மறைக்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்து முடிவது ஏறக்குறைய ஏழு மாதத்துக்குள் என்பதால் குட்டிகளின் வயதை நெருங்கிச் சொல்லிவிடலாம்; வளர்ந்த நாய்க்கு மருத்துவர் பல் தேய்மானத்தையும் கண்ணின் மங்கலையும் பார்த்து மதிப்பிட்டுச் சொல்வார். ‘ஆறு முதல் எட்டு வயது இருக்கலாம்’ என்றே எழுதுங்கள்.

உண்மையை எழுதி அறிவிப்பது

படம் எடுக்கும்போது நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, காலை வெளிச்சத்தில், கம்பிக்கு வெளியே கொண்டுவந்து எடுங்கள். கம்பிக்குப் பின்னாலிருந்து எடுத்த படம் இரக்கத்தைத்தான் கொண்டுவரும். இரக்கத்தால் எடுத்துப் போனவர்களில் பலர் திரும்பக் கொண்டுவந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் ‘இன்று மாலைக்குள் யாரும் எடுக்காவிட்டால் தெருவில் விடப்படும்’ என்ற வகை மிரட்டல் வரிகளை நாங்கள் எழுதுவதில்லை. அறிவிப்பு இப்படி இருந்தால் போதும்:

“செவ்வந்தி. நாட்டு நாய், பெண், ஏறக்குறைய மூன்று வயது, பதினாறு கிலோ. கருத்தடை முடிந்தது, தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளன. பெரியவர்களிடம் உடனே ஒட்டிக்கொள்ளும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். பூனையைத் துரத்தும். இடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். தனிவீடு தேவையில்லை, பகலில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.”

இப்படிக் குறைகளையும் எழுதினால் யார் எடுப்பார்கள் என்று கேட்பார்கள். அழைப்புகள் குறையும் என்பது உண்மை. ஆனால் அழைக்கும் ஐந்து பேரில் மூவர் பொருத்தமானவர்களாக இருப்பார்கள்.

எங்களைத் தொடர்ந்து வருத்தும் ஒரு கேள்வி “ஆண் குட்டி இருக்கிறதா?” என்பது. பெண் நாய் பருவத்துக்கு வரும், தெருநாய்கள் வாசலில் கூடும், குட்டி போடும் என்ற பயமே காரணம். கருத்தடைக்குப் பிறகு இந்த மூன்றும் இல்லை. கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது, மார்பகப் புற்றுக்கான வாய்ப்பும் குறையும். இதை ஒவ்வொருவருக்கும் அலுக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்டவர்களில் சிலர் மனம் மாறுகிறார்கள். கறுப்பு நிற நாயும், வயதான நாயும் இதேபோல் ஒதுக்கப்படுகின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று பெயருக்காகக் கேட்பவர்களிடம் அவை ஓடவும் வேட்டையாடவும் வளர்க்கப்பட்டவை, இரண்டு அறை வீட்டில் நாள் முழுதும் கட்டிப்போட்டால் உடலும் மனமும் கெட்டுப்போகும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அடர்ந்த முடியுள்ள ஹஸ்கியைச் சென்னை வெயிலில் வாங்கி, மின்கட்டணம் கண்டு கைவிட்டவர்களின் கதையும் இதுவே. நம் வெயிலுக்கும் மழைக்கும் நாட்டு நாய்க்கு ஈடு கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

விண்ணப்பத் தாளை நிரப்ப வைப்பதைவிட, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது மேல். வீட்டில் எத்தனை பேர், எல்லோருக்கும் சம்மதமா, பகலில் யார் இருப்பார்கள், யார் சோறு வைப்பார்கள், ஊருக்குப் போனால் யாரிடம் விடுவார்கள் என்று கேளுங்கள். அடுத்த ஓராண்டில் திருமணம், பிரசவம், வெளிநாட்டு வேலை ஏதும் வருகிறதா என்று கேட்பது துருவுவதுபோல் தோன்றும். ஆனால் நாய்கள் திரும்பி வருவதற்கு நாங்கள் கேட்கும் காரணங்களில் இம்மூன்றும் அடிக்கடி வருகின்றன. ‘கடைக்குக் காவலுக்கு’, ‘தோட்டத்துக்குக் காவலுக்கு’ என்று கேட்டு வருபவரிடம் இரவும் பகலும் சங்கிலியில்தான் இருக்குமா என்று கேளுங்கள். ஆம் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் நீங்களே பேசுங்கள். இதை நான் கற்றது ஒரு தவறால். மணி என்ற ஐந்து மாதக் குட்டியை ஓர் இளம் தம்பதியிடம் கொடுத்தேன். “ஹவுஸ் ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டார் அக்கா” என்று அவர்கள் சொன்னதை நம்பி, நான் அவரை அழைக்கவில்லை. பதினோராம் நாள் மணி திரும்பி வந்தான். அந்தப் பதினோரு நாட்களில் அவன் அவர்கள் கட்டிலில் தூங்கப் பழகியிருந்தான். கூண்டில் போட்ட கோணிப்பையில் படுக்காமல் ஒரு வாரம் கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தவறு அந்தப் பிள்ளைகளுடையது அல்ல, என்னுடையது. சொந்த வீடு உள்ளவர்களுக்கு அடுக்குமாடிச் சங்கம் தொல்லை கொடுத்தால், செல்லப்பிராணி வளர்ப்பதை முற்றிலும் தடை செய்யச் சங்கங்களுக்கு உரிமையில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டலாம். வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் காகிதம் நடைமுறையில் அவ்வளவு உதவுவதில்லை.

வீட்டை நேரில் பாருங்கள். கேட்டின் அடியில் எத்தனை விரல்கடை இடைவெளி, மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, எலிப்பாஷாணம் எங்கே வைக்கிறார்கள் என்பதெல்லாம் போனால்தான் தெரியும். சைவ வீடாக இருந்தால் உணவைப் பற்றி முன்பே பேசிவிட வேண்டும். தயிர்சாதத்திலேயே நாயை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது அதை மெல்லப் பட்டினி போடுவதுதான். முட்டையோ, கடையில் கிடைக்கும் முழுமையான நாய் உணவோ வீட்டுக்குள் வரலாமா என்று கேளுங்கள். பூனை இறைச்சி உண்ணாமல் உயிர் வாழவே முடியாத விலங்கு. டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் பார்வையும் இதயமும் பழுதாகும். பூனை உணவைக்கூட அனுமதிக்காத வீட்டுக்குப் பூனையைக் கொடுக்காதீர்கள்.

ஜாதி நாய், குறிப்பாகப் பெண், கருத்தடை செய்யாமல் காப்பகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பிறகு செய்துகொள்கிறோம் என்ற வாக்குறுதியை ஏற்க வேண்டாம். வளர்ப்பதற்கு என்று வாங்கிக் குட்டி விற்பவர்கள் எந்த உறுதிமொழியிலும் கையெழுத்துப் போடுவார்கள். அறுவைக்கு உரிய வயது வராத குட்டியென்றால், தேதியைக் குறித்து, அந்த நாளில் நம் மருத்துவரிடமே கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தெருநாயைத் தத்தெடுக்க முன்வருபவரிடம் கூடுதலாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி ஆணையில் கூறியிருக்கிறது.

ஒப்படைக்கும் நாளும் அதற்குப் பிறகும்

புது வீட்டுக்குப் போன நாய் தப்பி ஓடுவதென்றால் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் ஓடும். அதற்கு அந்த வீடு இன்னும் வீடாகவில்லை. ஓடினால் எங்கே திரும்புவதென்றும் தெரியாது. ஆகவே கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும் அணிவித்து, இரண்டு கயிறுகளில் பிடித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். புதியவரின் தொலைபேசி எண் பொறித்த வில்லை, காப்பகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கழுத்தில் தொங்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நாங்கள் எந்த நாயையும் கொடுப்பதில்லை. ஒப்படைக்கும் நாளில் உறவினரை எல்லாம் அழைத்து விருந்து வைக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். இங்கே தின்ற உணவையே ஒரு வாரம் தொடர்ந்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றலாம்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாட்கள் மிரட்சி; சாப்பிடாமலும் இருக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டின் நேரமும் பழக்கமும் பிடிபடும், சில சேட்டைகள் அப்போதுதான் வெளிவரும். மூன்று மாதத்தில் அது தன் வீடு என்று நம்பத் தொடங்கும். எல்லா நாய்க்கும் இது பொருந்தாது என்றாலும், இரண்டாம் நாளே “எங்களோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது” என்று கலங்கி அழைப்பவருக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

பூனையை முதலில் ஒரே ஓர் அறையில், மணல் தட்டோடும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியோடும் வையுங்கள். அது தானாக வெளியே வரும் வரை இழுக்கக் கூடாது. பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்த பிறகே பூனை வர வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பது வெறும் நம்பிக்கை, உடைந்த தாடையோடு வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆறாம் மாதம் என்று நான்கு முறை அழைக்கிறோம். “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். “இப்போது எங்கே படுத்திருக்கிறது?”, “நேற்று யார் நடக்கக் கூட்டிப்போனது?” என்று கேளுங்கள். பதில் சொல்ல எடுக்கும் நேரத்திலேயே நிலைமை புரிந்துவிடும். முடியவில்லை என்றால் எந்த நேரத்திலும் எங்களிடமே கொண்டுவந்து விடலாம், ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டோம் என்பதை ஒப்படைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். கேள்வி கேட்பார்களே என்று கூச்சப்பட்டு நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போவதற்கு இது எவ்வளவோ மேல். பட்டினியால் வதைபடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் பதினோராவது பிரிவின்கீழ் குற்றம்தான். ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய் என்று அன்று எழுதப்பட்டது. அந்தத் தொகை யாரையும் தடுத்து நிறுத்தாது. திரும்பி வந்த விலங்கின் குறிப்பில் காரணத்தை உள்ளபடி எழுதுங்கள், அடுத்த வீட்டைத் தேடும்போது அது பயன்படும்.

கடைசியாகக் காகித வேலை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவதும் மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கையில் இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். புது வீட்டாருக்கு இதெல்லாம் பழக்கமில்லாதது என்பதால், எங்கள் தன்னார்வலர் ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புகிறார். தடுப்பூசிப் புத்தகத்தில் பழைய பெயர் அடிக்கப்பட்டு, உரிமமும் மைக்ரோசிப் எண்ணும் புதியவரின் பெயருக்கும் தொலைபேசிக்கும் மாறிய பிறகுதான், எங்கள் பதிவேட்டில் அந்த விலங்கின் பெயருக்கு நேரே ‘வீடு சேர்ந்தது’ என்று எழுதித் தேதி போடுகிறோம்.